சிரிப்பதற்கு முன் என்ன செய்வீர்கள்?

தர்ஷினி போன வாரம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தாளை அனுப்பினாள். ஜொகூர் பாருவில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அரசு மருத்துவமனையில், பிசியோ பிரிவில் இப்போது இருக்கும் பெண் அவள். தாய்மார்களுக்கு உடற்பயிற்சி பற்றி இருக்கும் தவறான எண்ணங்கள் என்று தலைப்பு. ஒரு பக்கம் தவறு, ஒரு பக்கம் சரி. "அக்கா, பாத்து சொல்லுங்க லா, நாளைக்கு பிரிண்டுக்குப் போவுது" என்று கூடவே குரல் பதிவு.

தப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தாள். படத்தைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சலாக வந்தது. ஒல்லியாக ஓர் அம்மா, ஊதா நிறப் பாயில் காலைத் தூக்கிப் படுத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். பக்கத்தில் குழந்தையும் சிரிக்கிறது. மாசாயிலும் தெப்ராவிலும் உலு திராமிலும் இருந்து வந்த எத்தனையோ அம்மாக்களை இந்தக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இப்படிச் சிரித்தவள் ஒருத்தி கிடையாது. அதைச் சொன்னதும் தர்ஷினி பிடித்துக்கொண்டாள். "அப்ப நெஜமா வந்தவங்க கதைய நீங்களே எழுதித் தாங்க, புதுசா வந்த பிள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், எழுதுகிறேன்.

நான் படித்த கதை பெரிய கதை இல்லை. உலு திராமில் பிறந்து, லாரி ஓட்டிய அப்பாவின் சம்பளத்தில் பள்ளி முடித்து, கோலாலம்பூரில் பிசியோ படித்துவிட்டு வந்தேன். எலும்பின் பெயரையும் தசையின் பெயரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு பெண்ணை எதிரே உட்கார வைத்து, அவள் வாயிலிருந்து உண்மையை எப்படி வாங்குவது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நம் ஆட்களுக்கு பிசியோ என்றால் மசாஜ். வெள்ளை உடுப்பு போட்டிருந்தால் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா. "மிஸ்ஸி, கொஞ்சம் அழுத்திப் பிடிங்க" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார்கள். பிள்ளை பெற்றவள் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொன்னால் வீடே கூடி வரும். ஓடினால் பால் புளித்துவிடும் என்பார் ஒருவர். நாற்பது நாளும் படுத்தே கிடக்க வேண்டும் என்பார் இன்னொருவர். அப்படியே படுத்துக் கிடந்துவிட்டு, மறுவாரமே தெப்ராவில் ஸும்பா வகுப்புக்குப் போய்க் குதித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்த பெண்ணும் உண்டு. "ஏம்மா, படுக்கையிலேர்ந்து நேரா மேடைக்கா?" என்று கேட்டேன். அவளுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு.

ஒரு கணவர் கேட்டார்: "வீட்டு வேலை செய்யிறதே எக்ஸசைஸ்தானே மிஸ்ஸி, தனியா என்னாத்துக்கு?" அவர் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். "நீங்க நாள் பூரா குனிஞ்சு நிமிந்து ஸ்பேனர் புடிக்கிறீங்களே, உங்க முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அத ஏன் கேக்குறீங்க, ஒரே வலி" என்றார். அவர் மனைவி மேலே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

இதெல்லாம் சொல்லித் திருத்திவிடக்கூடிய தவறுகள். என்னை உண்மையில் கோபப்படுத்தியது வேறொன்று. இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிவதைப் பற்றி எங்கள் பெண்கள் வாயே திறக்க மாட்டார்கள். திறந்தாலும், பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்று பக்கத்தில் இருப்பவர்கள் மூடிவிடுவார்கள். நிறைய பேருக்கு வருகிறது என்பது உண்மைதான். நிறைய பேருக்குப் பல்வலியும்தான் வருகிறது, அதற்காக யாராவது வாயில் கை வைத்துக்கொண்டு ஆயுளுக்கும் உட்கார்ந்திருப்பார்களா? சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்று அத்தனை பேரும் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வாய்களைத் திறக்கத் தெரிந்தவர் புவான் ரொக்கியா. எங்கள் பிரிவின் தலைவர்; மலாயில் புவான் என்றால் திருமதி. குள்ளமான உருவம், தலையில் இஸ்திரி கலையாத துடோங் முக்காடு, நடந்தால் சத்தமே வராது. பெண்களுக்கான அறைக்குத் திரைதான் இருந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவு வேண்டும் என்று மேலிடத்தோடு சலிக்காமல் பேசி, கடைசியில் வாங்கினார். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தாம் அதைவிடத் தாழ்வான முக்காலியில் உட்காருவார். பேசும்போது அவர்தான் அண்ணாந்து பார்க்க வேண்டும். தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கசிகிறதா என்று ஒருநாளும் நேராகக் கேட்க மாட்டார். மலாயில் மெதுவாகக் கேட்பார்: "சிரிப்பதற்கு முன் நீங்கள் என்ன செய்வீர்கள்?"

ஒன்றும் இல்லாதவள் விழிப்பாள். இருக்கிறவள் உடனே பதில் சொல்வாள். கால் மேல் கால் போட்டுக்கொள்வேன், சுவரில் சாய்ந்துகொள்வேன், சிரிக்கவே மாட்டேன் என்று வரும். அதற்கு மேல் எங்களுக்குக் கேள்வி தேவைப்படாது.

கோகிலா அவரிடம் சொன்ன பதில், "நான் அந்த எடத்த விட்டுப் போயிடுவேன்" என்பது.

அவள் மாசாயில் இருந்தாள். மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், ஒரு மின்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். தீபாவளி முடிந்த வாரம் எங்களிடம் வந்தாள். இரண்டாவது பையன் குறைமாதத்தில் பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் பல வாரம் கிடந்து, பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தான். அந்தப் பெட்டிக்கு வெளியே நின்று அவள் முருகனிடம் நேர்ந்துகொண்டிருக்கிறாள். பிள்ளை வீட்டுக்கு வந்தால், வருகிற தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பேன் என்று. பிள்ளை வந்துவிட்டான். தைப்பூசமும் வந்துகொண்டிருந்தது. நடந்தால் கசிந்தது, நின்றால் கசிந்தது, சுமை தூக்கினால் கேட்கவே வேண்டாம்.

"சாமிக்குப் பால் கொண்டு போறேன் மிஸ்ஸி. ஈரத்தோட எப்படி சந்நிதிக்குள்ள நொழைவேன்? எடுக்காம விட்டா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு இருக்கு. எடுத்தா, அசுத்தத்தோட எடுத்தேன்னு ஆயிடுமோன்னு இருக்கு" என்றாள். சொல்லும்போது கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

கூட அவள் மாமியார் பாக்கியம் வந்திருந்தார். கனத்த உடம்பு, கணீர்க் குரல். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. மருமகளைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ்ஸி. ரெண்டு பெத்தா அப்படித்தான் இருக்கும். நாங்கல்லாம் இதுக்கு ஆஸ்பத்திரிக்கா ஓடியாந்தோம்? கொடம் இந்த வருஷம் வேணாம்னு நானும் சொல்லிட்டேன், கேட்டாத்தானே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்மா, உங்கள நான் இன்னும் கேக்கவே இல்ல" என்று சொல்லியும்விட்டேன். புவான் ரொக்கியா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து பாக்கியத்தின் பக்கம் போய், "மாக்சிக், பையனைக் கொஞ்சம் வைத்துக்கொள்கிறீர்களா? உங்களிடம்தான் அழாமல் இருக்கிறான்" என்று, பெரியம்மா முறை வைத்து, மலாயில் சொன்னார். பேரனைக் கொடுத்து, வெளியே காற்று வரும் இடத்தில் நாற்காலியும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து கதவைத் தாழிட்டார்.

கோகிலாவைப் படுக்க வைத்து முழங்காலை மடக்கச் சொன்னோம். வயிற்றுக் கட்டை அவிழ்க்கவே நேரமாயிற்று. பருத்தித் துணியை மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை அப்படி இறுக்கிச் சுற்றியிருந்தாள். மலாய்க்காரப் பக்கத்து வீட்டம்மா கற்றுக்கொடுத்த கட்டு, மாமியார் இழுத்த இழுப்பு. கட்டினால் வயிறு உள்ளே போய்விடும் என்று நம்பிக்கை. பற்பசைக் குழாயை நடுவில் இறுக்கினால் பசை எங்கே போகும்? கீழே இருக்கிற தசைமேல்தான் அத்தனை பாரமும் இறங்கிக்கொண்டிருந்தது.

தலையை மட்டும் மெல்லத் தூக்கச் சொன்னார் புவான். நடு வயிற்றில் ஒரு மேடு, கறிபாப் பலகாரத்தின் முதுகு மாதிரி, எழும்பியது. தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்து அளந்து பார்த்தார். வயிற்றுத் தசை இரண்டு பக்கமும் விலகி இருந்தது. "தினமும் என்ன பயிற்சி செய்கிறாய்?" என்று கேட்டார். படுத்துப் படுத்து எழும்புவது, வீடியோ பார்த்து, காலையும் மாலையும். வேலையிடத்துத் தோழி சொல்லியிருக்கிறாள். போதாததற்கு, சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டும் என்று சித்தி அனுப்பிய செய்தி. கசியக் கூடாதே என்று தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டாள். வேலையில் வரிசையை விட்டு எழுந்து போக ஒவ்வொரு முறையும் தலைவியிடம் கேட்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

சோம்பேறி இல்லை அந்தப் பெண். சொன்னதையெல்லாம் செய்தாள், சொன்னவர்கள்தான் தப்பாகச் சொல்லிவிட்டார்கள். எழும்பும் பயிற்சி விலகிய தசையை இன்னும் தள்ளியது. தண்ணீர் குறைந்ததால் சிறுநீர் கடுத்து, பை எரிச்சலாகி, அடிக்கடி முட்டியது. பாதியில் நிறுத்திப் பார்த்து, சரியான தசை எது என்று ஒருமுறை கண்டுபிடிக்கலாம், தினப் பழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

புவான் ரொக்கியாவுக்குத் தெரிந்த தமிழே கொஞ்சம்தான். அதில் முக்கால்வாசி இந்தப் பயிற்சிக்காகக் கற்றது. "உள்ளே. மேலே. மூச்சு விடு" என்பார். காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அதே மாதிரி உள்ளே இழுத்து, அப்படியே மேலே தூக்க வேண்டும் என்று நான் விளக்குவேன். பிட்டத்தை இறுக்கக் கூடாது, தொடையை நெருக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது, கீழே முக்கவே கூடாது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்க வேண்டும். பிறகு விட வேண்டும், முழுசாக. இழுப்பதைப் போலவே விடுவதும் பயிற்சி.

அடுத்து அவர் இருமச் சொல்லித் தந்தார். இருமுவதற்கு முன்னால் இழுத்துத் தூக்கு, பிடித்துக்கொண்டே இருமு, அப்புறம் விடு. சிரிப்புக்கும் தும்மலுக்கும் அப்படியே. குழந்தையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுக்கொண்டு தூக்கு. வயிற்றுக் கட்டை அவிழ்த்துப் போடு. தண்ணீர் குடி.

சரியாக வர மூன்று மாதமாவது ஆகும் என்று அவளிடம் மறைக்காமல் சொன்னார். தைப்பூசத்துக்கு அவ்வளவு நாள் இல்லை. கோகிலா முகம் விழுந்தது. "அப்ப முடியாதா?" என்றாள்.

"அப்படி நான் சொல்லவில்லை. குடத்தைப் பற்றிச் சொல்" என்றார் புவான்.

இதைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தொழுகைக்கு நேரம் தவறாத அந்த அம்மாள், முக்காலியில் உட்கார்ந்துகொண்டு பால்குடத்தைப் பற்றி விசாரித்தார். எவ்வளவு பால் பிடிக்கும், தலையில் வைப்பாயா இடுப்பிலா, யார் தூக்கி வைப்பார்கள், வெறுங்காலா, கோயிலில் படி உண்டா, எங்கே நிற்க வேண்டியிருக்கும். நான் மொழிபெயர்த்து மாளவில்லை. "நடப்பதைச் சமாளித்துவிடலாம். வரிசையில் நிற்பதுதான் பிரச்சினை" என்று முடிவு கட்டினார். அடுத்த வாரம் கேன்டீனில் ஒரு எவர்சில்வர் செம்பை இரவல் வாங்கி, தண்ணீர் நிரப்பி, அறைக்குள்ளேயே அவளைத் தலையில் வைத்து நடக்க விட்டார். குடத்தைத் தரையிலிருந்து அவளே தூக்கக் கூடாது, கணவர் தூக்கி வைக்க வேண்டும், அவர் வைக்கும்போது இவள் மூச்சை விட வேண்டும். வரிசை நின்றால் கால்களை மாற்றி மாற்றி எடை கொடுக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் இருமலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அறைக்குள் இருமிக் காட்டி, "ஒண்ணும் ஆவல மிஸ்ஸி!" என்று குதிக்கப் போனவளை, "குதிக்காத தாயி" என்று பிடித்து நிறுத்தினேன். அப்புறம்தான் சறுக்கியது. பிழைத்துவிட்டோம் என்ற ஆசையில் எந்நேரமும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க ஆரம்பித்துவிட்டாள். மோட்டாரில், வேலையில், சமையலில். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். தசை களைத்து, சாயங்காலமானால் முன்னைவிட மோசமாகக் கசிந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் வந்து அழுதாள்.

அன்றைக்குக் கதவு திறந்திருந்தது. பாக்கியம் வெளியிலிருந்தே சொன்னார்: "நாந்தான் அப்பவே சொன்னேனே. வேணாம்னா விடேண்டி. நாலு பேரு மத்தியில நனைஞ்சுட்டு நிக்கணுமா நீ?"

எனக்கு மறுபடியும் பொங்கியது. அவர்கள் போன பிறகு புவானிடம் புலம்பித் தீர்த்தேன். அந்தம்மா வாயைத் தைத்தால்தான் இந்தப் பெண் தேறும் என்றேன். புவான் ரொக்கியா செம்பைத் துடைத்து வைத்துக்கொண்டே, "அவர் திட்டவில்லை. பயப்படுகிறார்" என்றார். அந்த அம்மாவுக்கு என்ன பயம் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

கோகிலாவுக்குப் பயிற்சியைக் குறைத்துக் கொடுத்தோம். படுத்துக்கொண்டு கொஞ்சம், உட்கார்ந்துகொண்டு கொஞ்சம், நடுவில் நல்ல ஓய்வு. சிறிய குடமாக எடுக்கச் சொன்னோம். உள்ளே ஒரு பேட் வைத்துக்கொள், மாற்றுச் சேலை கொண்டு போ என்றேன். முடிவை அவளிடம் விட்டோம்.

தைப்பூசத்தன்று நானும் வழக்கம்போலக் கோயிலுக்குப் போனேன். என் தங்கை வீட்டார் கோயிலுக்குச் சற்று முன்னால் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அங்கே நின்று மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். காலை வெயில் ஏறியிருந்தது. மஞ்சள் சேலைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அதில் கோகிலா. தலையில் சின்னக் குடம், ஒரு கை அதைப் பிடித்திருக்க, உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. வேல் வேல் என்கிறாளா, உள்ளே மேலே என்கிறாளா, தெரியவில்லை. கணவர் பையனை மார்போடு கட்டிக்கொண்டு முன்னால் போனார். பாக்கியம் அவளை ஒட்டியே நடந்து வந்தார். நான் மோர்க் கரண்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

"இது வரைக்கும் ஒண்ணும் ஆவல" என்று கோகிலா என்னிடம் கிசுகிசுத்தாள்.

கோயில் வாசல் தெரிகிற இடத்தில் வரிசை நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரிய காவடி போய்க்கொண்டிருந்தது. கோகிலா சொல்லித் தந்தபடி கால் மாற்றி நின்றாள். யாரோ சாம்பிராணித் தட்டோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். புகை நேராக அவள் முகத்தில் அடித்தது. முதல் இருமலை அவள் பிடித்துவிட்டாள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவதையும் பிடித்தாள். ஆனால் இருமல் நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. பிறகு அவள் முகம் அப்படியே வெளுத்துப் போனது.

வரிசை நகர்ந்தது. அவள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

"அத்தை" என்றாள். "கொடத்த நீங்க வாங்கிக்குங்க. நீங்க உள்ள கொண்டு போங்க. நான் நனைஞ்சுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சாமி அதையெல்லாம் பார்க்க மாட்டார் என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல நான் யார் என்றும் தோன்றியது. நான் தசையைப் பற்றிப் படித்தவள்.

பாக்கியம் குடத்தை வாங்கக் கை நீட்டவில்லை. மருமகளை மேலும் கீழும் பார்த்தார். அந்தக் கணீர்க் குரல் முதல் தடவையாக உடைந்து கேட்டது.

"என்கிட்ட குடுத்தா? நான் மட்டும் என்ன காஞ்சுபோயா நிக்கிறேன்?"

கோகிலாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

"உம் புருஷன பெத்த நாள்லேர்ந்து எனக்கு இப்படித்தான்டி. ஒருத்திகிட்டயும் சொன்னதில்ல. கல்யாண வீட்டுல உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். பஸ்ஸு ஏறி ஒரு ஊருக்குப் போனதில்ல. நாந்தான் இப்படியே காலத்த ஓட்டிட்டேன், நீயாச்சும் நாலு பேரு முன்னாடி கூனிக்குறுகி நிக்க வேணாம்னுதான் கொடம் வேணாம்னேன்." சேலைத் தலைப்பால் மருமகளின் கண்ணைத் துடைத்தார். "ஆனா கோயிலுக்கு வராம இருந்ததில்ல. எல்லாத் தைப்பூசத்துக்கும் இப்படியே வந்து, இப்படியே உள்ள போயி, இப்படியே கும்புட்டிருக்கேன். முருகன் ஒருநாளும் என்னய வெளிய போன்னு சொன்னதில்ல. எம் பேரனையும் குடுத்தான். நட."

கோகிலா நின்றபடியே அழுதாள். குடம் லேசாக ஆடியது. பிறகு மூச்சை ஒருமுறை நீளமாக வெளியே விட்டு, நடந்தாள். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன், வெட்கமில்லாமல்.

பாக்கியம் நாலடி அவளோடு போனவர், திரும்பி என்னிடம் வந்தார். சுற்றிலும் கூட்டம். குரலைத் தாழ்த்தவில்லை.

"மிஸ்ஸி, என் வயசுக்காரிக்கும் அதச் சொல்லித் தருவீங்களா? இல்ல, எனக்கு லேட்டாயிடுச்சா?"

"லேட்டெல்லாம் இல்லம்மா. வாங்க."

"அப்ப செவ்வாக்கெழம அவளோட நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மருமகளைப் பிடிக்க வேகமாக நடந்தார்.